பச்சிலையும் பூஞ்சையும்

நெய்வேலி என்றவுடன் நம் நினைவிற்கு வருவது பழுப்பு நிலக்கரியே ஆகும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய துகள் கலந்த நீர் வெளிப்பட்டது. அந்நீரின் காரணத்தை ஆராயப் புகுந்த முயற்சியே பின்னர்ப் பெருந்தொழிலாக வளர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோற்றுவிக்கப்பெற்றது. அடுத்த ஆண்டு மே 20ஆம் நாளன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஐம்பது மீட்டருக்கு மேற்பட்ட மண்ணை அகற்றிய பின், கரிப்படுகை கண்ணுக்குப் புலனாயிற்று. 1962இல் அக்கரியிலிருந்து மின்னாற்றல் பிறந்தது.

சுரங்கத்தை அடுத்து அமைந்த நகரியம், வட்டம் வட்டமாக வகுக்கப்பெற்றது. நேரிய சாலைகளின் இருமருங்கும் மரங்கள் நிழல் தருகின்றன. வேம்பும் புங்கும் ஓங்கி நிற்கும் அச்சாலைகளில் நடப்போர், அருகே கரிச்சுரங்கம் இருப்பதையே மறந்துவிடுவர். வீட்டுத் தோட்டங்களில் துளசியும் மருதாணியும் வளர்கின்றன. எவரும் நடாமலே குப்பைமேனி முளைத்து நிற்கிறது. இச்செடிகளின் இலைகளை நம் முன்னோர் மருந்தாகக் கொண்டனர். கால்விரல் இடுக்கில் தோன்றும் சேற்றுப்புண்ணுக்கு மருதாணியையும், தோலில் தோன்றும் சொறிக்குக் குப்பைமேனியையும் அரைத்துப் பூசும் வழக்கம் இன்றும் உண்டு. இவ்வழக்கத்தில் எவ்வளவு உண்மை உள்ளது? அதனை அறிவது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கரியில் கண்ட சான்று

பழுப்பு நிலக்கரி ஒரு காலத்தில் இலையாகவும் கிளையாகவும் அடிமரமாகவும் இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன்னர் இப்பகுதியில் செழித்திருந்த காடுகள் மண்ணுள் புதைந்து, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மாறுதலுற்றுக் கரியாயின. அக்கரியை நுண்ணோக்கி வழியே ஆராய்ந்த அறிஞர்கள் அக்காட்டின் மகரந்தத் தூள்களையும் வித்துகளையும் கண்டனர். அவற்றுடன் பிறிதொன்றையும் கண்டனர். இலையின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் ஒருவகைப் பூஞ்சையின் கேடயம் போன்ற வட்ட உறுப்புகளே அவை. தென்னார்க்காட்டுப் பழுப்பு நிலக்கரியில் இத்தகைய பூஞ்சைகள் இருப்பதைத் தொல்தாவர அறிஞர் சி. ஜி. கே. இராமானுஜம் 1963ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

இச்சிறு சான்று நமக்குப் பெரியதோர் உண்மையை உணர்த்துகின்றது. மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இலையும் பூஞ்சையும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. பூஞ்சை இலையைத் தன் இருப்பிடமாகவும் உணவாகவும் கொள்ள முயன்றது. இலையோ தன்னைக் காத்துக்கொள்ள முயன்றது. மழைக்காலத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று பாருங்கள். தரையில் விழுந்த இலைகள் சில வாரங்களில் பூஞ்சை பற்றி மட்கிப் போகின்றன. அதே ஈரத்தில், அதே காற்றில், கிளையில் உள்ள இலை பசுமை குன்றாமல் நிற்கின்றது. உயிருள்ள இலைக்குக் காவல் உண்டு என்பது இதனால் விளங்குமன்றோ?

அக்காவல் மூவகைப்படும். இலையின் மேல் உள்ள மெழுகுப் படலம் முதற்காவல். பூஞ்சை தீண்டியவுடன் அவ்விடத்து உயிரணுக்கள் காட்டும் எதிர்ப்பு இரண்டாங்காவல். இலை தன்னுள் ஆக்கி வைத்திருக்கும் கசப்பும் துவர்ப்பும் காரமும் மணமும் உடைய வேதிப்பொருள்கள் மூன்றாங்காவல். விலங்கு தன் பகையைக் கண்டு ஓடலாம். மரம் நின்ற இடத்திலேயே நின்று போராட வேண்டும். ஆகவே அதன் படைக்கலம் அதன் சாற்றிலேயே உள்ளது. நாம் இலையை அரைத்துப் பிழியும்போது இப்படைக்கலத்தையே கடன் வாங்குகிறோம்.

ஈஸ்ட் என்னும் சிற்றுயிர்

பூஞ்சைகளுள் பல நூல் போன்று நீண்டு வளர்வன. ஊறுகாயின் மேலும் பழைய ரொட்டியின் மேலும் படரும் பூசணம் அத்தகையது. வேறு சில, ஒரே உயிரணுவாக வாழ்ந்து, மொட்டு விடுவதுபோல் பக்கத்தில் அரும்பிப் பெருகுவன. இவற்றையே ஈஸ்ட் என்பர். ரொட்டி மாவை உப்பச் செய்வது ஓர் ஈஸ்ட். பனையிலிருந்து வடியும் இனிய சாறு புளித்துக் கள்ளாவதும் ஈஸ்ட்டின் செயலே. அது சாற்றில் உள்ள சர்க்கரையை உண்டு, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றது.

பனையேறும் தொழிலாளர் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவிக் கட்டுவர். சுண்ணாம்பின் காரத்தன்மையால் ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்கள் அடங்குகின்றன. சாறு புளிக்காமல் பதநீராகவே இறங்குகின்றது. ஈஸ்ட்டைக் கண்ணால் காணாத காலத்திலேயே அதனை அடக்கும் வழியை நம் மக்கள் பட்டறிவால் கண்டிருந்தனர். எனினும், எவ்வளவு சுண்ணாம்பு தடவவேண்டும் என்பதே அத்தொழிலின் நுட்பம். குறைந்தால் சாறு புளிக்கும்; மிகுந்தால் நாவைச் சுடும். பகையை அடக்கவும் வேண்டும். பயன்படுத்துவோருக்குத் தீங்கு நேராமலும் இருக்கவேண்டும். மருந்தாராய்ச்சியின் முழு இலக்கணமும் இக்கலயத்துள் அடங்கியுள்ளது எனலாம்.

விருந்தினன் பகைவனாதல்

ஈஸ்ட் இனங்களுள் நம் உடலையே உறைவிடமாகக் கொண்டது ஒன்று. அதன் பெயர் காண்டிடா ஆல்பிகன்ஸ் என்பதாகும். இப்பெயரின் இரு சொற்களும் இலத்தீன் மொழியில் வெண்மையைக் குறிப்பன. நலமுடைய மக்கள் பலருடைய வாயிலும் குடலிலும் இது தீங்கின்றித் தங்கியிருக்கின்றது. அங்கு வாழும் பிற நுண்ணுயிர்களும், உடலின் எதிர்ப்பாற்றலும் இதனை எல்லை மீறாமல் காக்கின்றன.

காவல் தளர்ந்தால் இவ்விருந்தினன் பகைவனாகின்றான். பச்சிளங் குழந்தையின் நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த்திட்டுப் போன்ற வெண்படலம் தோன்றுவதைத் தாய்மார் அறிவர். அதனைச் சில பகுதிகளில் அக்கரம் என்பர். நீரிழிவு நோயுடையோர்க்கும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை நெடுநாள் உண்போர்க்கும் இப்பூஞ்சை எளிதில் பெருகும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடம் இதற்கு உகந்தது. நாள் முழுதும் தடித்த காலணி அணிந்து வியர்வையில் உழைப்போரின் விரலிடுக்கும், நீரிலேயே கை வைத்திருப்போரின் நகக்கண்ணும் இதற்கு இரையாகலாம். சேற்றுப்புண் பல காரணங்களால் வருவது; தோற்பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் அதற்குக் காரணமாவன; காண்டிடாவும் அவற்றுள் ஒன்று.

இவையெல்லாம் மேற்பரப்பில் தோன்றும் நோய்கள். மிகவும் நலிந்த நோயாளியின் குருதியில் இப்பூஞ்சை கலந்துவிட்டால், அஃது உயிருக்கே இறுதியாகலாம். உலக நலவாழ்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டில், மனிதனுக்குப் பெருந்தீங்கு செய்யும் பூஞ்சைகள் பத்தொன்பதின் பட்டியலை வெளியிட்டது. அவற்றுள் மிக நெருக்கடியான நான்கில் காண்டிடா ஆல்பிகன்ஸும் ஒன்று. அதன் உறவாகிய காண்டிடா ஆரிஸ் மற்றொன்று. இது 2009ஆம் ஆண்டில் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுக்கப்பட்டு முதன்முதல் விவரிக்கப்பெற்றது. பின்னர் இந்தியா உட்படப் பல நாடுகளின் மருத்துவமனைகளிலும் காணப்பட்டது. வழக்கமாகத் தரப்படும் மருந்துக்கு இது பெரும்பாலும் அடங்குவதில்லை. புதிய மருந்துகள் வேண்டும் என்று மருத்துவ உலகம் தவிப்பதற்கு இதுவே காரணம்.

மருந்து தேடிய வரலாறு

பூஞ்சையை வெல்வது ஏன் கடினம்? பாக்டீரியா என்னும் நுண்ணுயிர் நம் உயிரணுவினின்று பெரிதும் வேறுபட்டது. ஆதலின் நம்மைத் தாக்காமல் அதனை மட்டும் தாக்கும் மருந்தைக் காண்பது ஓரளவு எளிது. ஈஸ்ட்டின் உயிரணுவோ நம் உயிரணுவைப் பலவாறு ஒத்தது. அதற்கும் உட்கரு உண்டு. ஒன்றைக் கொல்வது மற்றொன்றையும் வருத்தும். நல்வேளையாக இரண்டு வேறுபாடுகள் உள்ளன. ஈஸ்ட்டிற்கு உறுதியான சுவர் உண்டு. நம் உயிரணுவிற்கு அஃது இல்லை. மேலும், ஈஸ்ட்டின் உயிரணுப் படலத்தில் எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருள் உள்ளது. நம் படலத்தில் அதற்கு மாறாகக் கொலஸ்டெரால் உள்ளது. இன்றைய மருந்துகளுள் பெரும்பாலானவை இவ்விரு வேறுபாடுகளையே குறியாகக் கொண்டு தாக்குகின்றன.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநில நலத்துறையில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் பெண் அறிஞர் இருவர் பணியாற்றினர். ஒருவர் நுண்ணுயிர் நூல் வல்லவர். மற்றவர் வேதியியல் வல்லவர். இருவரும் இருந்த நகரங்கள் வேறு. ஹேசன் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை வளர்த்துப் பூஞ்சைக்கு எதிராகச் சோதிப்பார். பயன் தருவதாகத் தோன்றியதை அஞ்சலில் பிரவுனுக்கு அனுப்புவார். பிரவுன் அதன் வேதிப்பொருளைப் பிரித்து மீண்டும் அஞ்சலில் அனுப்புவார். இங்ஙனம் பொறுமையுடன் உழைத்து, 1950ஆம் ஆண்டில் நிஸ்டாட்டின் என்னும் மருந்தை உலகிற்கு அறிவித்தனர். அதனால் வந்த உரிமைத்தொகையை அவர்கள் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அறிவியல் வளர்ச்சிக்கே வழங்கினர்.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கவில்லை. மகாராட்டிரத்தில் பிம்பிரி என்னுமிடத்தில் உள்ள இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் எம். ஜே. திருமலாச்சார் முதலிய அறிஞர்கள் 1960களின் தொடக்கத்தில் ஹாமைசின் என்னும் பூஞ்சை எதிர் மருந்தைக் கண்டனர். அதுவும் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைத்ததே. பின்னாளில் வேதிக்கூடங்களில் ஆக்கப்பட்ட ஃபுளூகோனசோல் போன்ற மருந்துகள் வந்தன. இன்று மருத்துவமனைகளில் மிகுதியும் வழங்கும் பூஞ்சை எதிர் மருந்துகள் மண்ணுயிர்களிலிருந்தும், பூஞ்சைகளிலிருந்தும், வேதிக்கூடங்களிலிருந்தும் வந்தவை. கோடிக்கணக்கான ஆண்டுகள் பூஞ்சையோடு போரிட்டுப் பழகிய இலையிலிருந்து அத்தகைய பெருமருந்து இன்னும் வரவில்லை. இது வியப்பன்றோ? இதன் காரணத்தை அறியவேண்டுமாயின், இலைச்சாற்றைச் சோதிக்கும் முறையை நாம் அறிதல் வேண்டும்.

சோதிக்கும் முறை

முதற்கண் இலை இன்னதென்று ஐயமின்றி அறிந்துகொள்ள வேண்டும். ஒரே பெயரால் இரு வேறு செடிகளை இரு ஊரார் அழைப்பதுண்டு. ஆதலின் செடியின் ஒரு கிளையைப் பாடம் செய்து, அதன் தாவரவியற் பெயருடன் சேமித்து வைப்பர். பின்னர் இலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொடியாக்குவர். பொடியை நீரிலோ ஆல்கஹாலிலோ வேறு கரைப்பானிலோ ஊறவைத்து வடிகட்டுவர். கரைப்பானை அகற்றிய பின் எஞ்சுவதே சாற்றுச் சத்து.

எதில் ஊறவைக்கிறோம் என்பது மிகவும் முக்கியம். நீரில் கரைவது ஆல்கஹாலில் கரையாமலிருக்கலாம். எண்ணெய்த் தன்மையுடையது நீரில் இறங்காது. சீன நாட்டு அறிஞர் தூ யூயூ, மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகும் ஒரு செடியை ஆராய்ந்தபோது, கொதிக்கவைத்த சாற்றில் பயன் காணவில்லை. குறைந்த வெப்பத்தில் ஈத்தர் கொண்டு எடுத்த சாறே நோயை வென்றது. அவ்வாராய்ச்சிக்காக அவர் 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இலை ஒன்றே, சாறு எடுத்த முறையே வெற்றியையும் தோல்வியையும் வகுத்தது.

அடுத்து, அகர் என்னும் கடற்பாசிக் கூழில் சர்க்கரையும் புரதச் சத்தும் சேர்த்து, வட்டமான கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி உறையச் செய்வர். சபோரோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் பூஞ்சைகளுக்கென வகுத்த இவ்வுணவு, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. கூழின் மேல் ஈஸ்ட்டைச் சீராகத் தடவி, நடுவே சிறு குழிகள் இட்டு, அவற்றில் சாற்றை விடுவர். உடல் வெப்பத்தை ஒத்த சூட்டில் ஓரிரு நாள் வைத்திருப்பர். கிண்ணம் முழுதும் ஈஸ்ட் வெண்ணிறமாக வளர்ந்திருக்கும். சாறு அதனைத் தடுத்திருந்தால், குழியைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும். அவ்வளையத்தின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளப்பர்.

இச்சோதனையில் இரண்டு துணைக் குழிகள் இன்றியமையாதவை. ஒன்றில் சாறு கலவாத வெறுங்கரைப்பானை விடவேண்டும். ஏனெனில், ஆல்கஹாலே ஈஸ்ட்டைக் கொல்லக் கூடும். அதன் புகழ் இலைக்குச் சேரலாகாது. மற்றொன்றில் முன்னரே பயன் அறியப்பட்ட மருந்தை விடவேண்டும். ஒப்பிட ஒன்று இல்லாவிடில் வளையத்தின் அளவால் விளங்குவது யாதும் இல்லை. அச்சோதனையைப் பன்முறை திரும்பச் செய்து, ஒத்த விடை கிடைத்தால் மட்டுமே ஏற்கவேண்டும்.

வளையத்திலும் ஒரு மயக்கம் உண்டு. கூழில் எளிதில் பரவும் பொருள் வலிமையற்றதாயினும் பெரிய வளையம் காட்டும். எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் வலியதாயினும் பரவ இயலாமல் சிறிய வளையமே காட்டும். ஆகையால் அறிஞர்கள் வளையத்தோடு நின்றுவிடுவதில்லை. வரிசையாக உள்ள சிறு குழல்களில் சாற்றை இட்டு, ஒவ்வொன்றிலும் முன்னதிற் பாதியாக அளவைக் குறைத்துச் செல்வர். ஒரு மில்லிலிட்டரில் 500 மைக்ரோகிராம் என்று தொடங்கினால் அடுத்தடுத்து 250, 125, 62.5, 31.25, 15.62 என்று குறையும். ஈஸ்ட் வளராத குழல்களுள் மிகக் குறைந்த அளவுடையது எதுவோ, அதுவே அப்பொருளின் தடையளவு ஆகும். இவ்வெண் குறையக் குறைய மருந்தின் வலிமை மிகுதி என்று கொள்ளவேண்டும்.

வெற்றிலை தந்த விடை

இம்முறைகளால் வேம்பு, துளசி, மருதாணி, கொய்யா முதலிய பற்பல செடிகளின் இலைகள் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் சோதிக்கப்பட்டுள்ளன. மருதாணியின் செந்நிறத்திற்குக் காரணமான லாசோன் என்னும் பொருள் பூஞ்சையைத் தடுக்கும் தன்மை உடையது. துளசியின் மணத்திற்குக் காரணமான யூஜெனால் ஈஸ்ட்டின் படலத்தைச் சிதைக்க வல்லது. வண்டுகொல்லி என்றும் சீமையகத்தி என்றும் வழங்கும் செடியின் இலை படர்தாமரைக்குப் பூசப்படுவது. பிலிப்பைன்ஸ் நாட்டு அரசின் நலத்துறை ஏற்றுக்கொண்ட பத்து மூலிகைகளுள் அதுவும் ஒன்று.

இவற்றுள் வெற்றிலையின் கதையைச் சற்று விரிவாகக் காண்போம். ஜம்முவில் உள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனத்தின் அறிஞர்கள் வெற்றிலைச் சாற்றைப் பகுத்து, அதிலிருந்து ஹைடிராக்சிசவிகால் என்னும் தனிப்பொருளைப் பிரித்தனர். அதனை 124 பூஞ்சை வகைகளின் மேல் சோதித்து, விளைவை 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஈஸ்ட் இனங்களுக்குரிய தடையளவு ஒரு மில்லிலிட்டருக்கு 15.62 முதல் 500 மைக்ரோகிராம் வரை இருந்தது. படர்தாமரை போன்ற நோய்களைத் தரும் தோற்பூஞ்சைகளுக்கோ 7.81 முதல் 62.5 மைக்ரோகிராமே போதுமானதாயிற்று. அப்பொருள் பூஞ்சையின் உயிரணுப் படலத்தைக் குலைக்கின்றது என்பதும் தெரியவந்தது.

இவ்வெண்களை நாம் எங்ஙனம் படிக்கவேண்டும்? எளிதில் அடங்கும் காண்டிடா ஆல்பிகன்ஸை ஃபுளூகோனசோல் 2 மைக்ரோகிராமிலோ அதற்கும் குறைந்த அளவிலோ தடுத்துவிடும். வெற்றிலைப் பொருளுக்கு அதைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கேனும் வேண்டியிருக்கின்றது. இவ்வகையில் இலை பின்தங்குகிறது. ஆயின் மற்றொன்றையும் நோக்குக. ஃபுளூகோனசோல் காண்டிடாவின் வளர்ச்சியை நிறுத்துமேயன்றிப் பெரும்பாலும் அதனைக் கொல்லுவதில்லை. வெற்றிலைப் பொருளோ, தடையளவிலோ அதனிலும் இரு மடங்கிலோ பூஞ்சையைக் கொன்றது. மேலும், குறைந்த அளவே போதும் என்னும் தோற்பூஞ்சைகளுக்கு எதிராக, மேற்பூச்சாக இதனை ஆக்கலாமோ என்னும் எண்ணமும் எழுகின்றது. இவ்வாறு நிறையும் குறையும் ஒருங்கே காண்பதுதான் அளவையின் பயன்.

கிண்ணமும் உடலும்

கிண்ணத்தில் தோன்றும் வளையம் கண்ணுக்கு இனியது. அதனைக் கண்டவுடன் மருந்து கிடைத்துவிட்டது என்று மகிழ்வது இயல்பே. ஆயினும், கிண்ணம் உடல் அன்று. கிண்ணத்தில் சாறு ஈஸ்ட்டை நேரே தொடுகின்றது. உண்ட மருந்தோ இரைப்பையின் அமிலத்தைக் கடந்து, கல்லீரலின் மாற்றங்களுக்கு உட்பட்டு, குருதியில் கலந்து, போதிய அளவில் நோயுற்ற இடத்தை அடைய வேண்டும். கிண்ணத்தில் ஈஸ்ட் மட்டுமே உள்ளது. உடலில் நம் உயிரணுக்களும் உள்ளன. அவற்றை வருத்தாத அளவு எது என்பதைக் கண்டாகவேண்டும். அதன்பின் விலங்குகளிடத்தும், இறுதியில் மக்களிடத்தும் முறையாகச் சோதிக்க வேண்டும். இலைச்சாற்று ஆராய்ச்சிகளுள் மிகப் பல, கிண்ணத்து வளையத்தோடு நின்றுவிடுகின்றன. அடுத்த படிகளில் ஏறுவதற்குப் பொருளும் காலமும் பல துறை அறிஞர்களின் கூட்டுறவும் வேண்டும். இலையிலிருந்து பெருமருந்து வாராமைக்கு இது முதன்மையான காரணமாகும்.

‘பச்சிலைதானே, என்ன தீங்கு செய்யும்?’ என்று கூறுவோர் உளர். பூஞ்சையைக் கொல்லும் ஆற்றல் உடைய பொருள் நம்மையும் தீண்டாது என்பதற்கு உறுதி இல்லை. மருதாணியையே எடுத்துக்கொள்வோம். ஜி6பிடி என்னும் நொதி உடலில் குறைவாக அமைந்த குழந்தைகளுக்கு, மருதாணிப் பூச்சினால் குருதிச் சிவப்பணுக்கள் அழிந்து பெருந்தீங்கு நேர்ந்ததுண்டு. வெற்றிலைப் பொருள் பூஞ்சையைக் கொல்லும் என்பதால் தாம்பூலம் தரித்தல் நன்று என்று முடிவு கட்டுதலும் தவறு. பாக்கு புற்றுநோயை விளைவிக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வறிக்கையில் வகைப்படுத்தியுள்ளது. ஒரு பொருளுக்குக் கிடைத்த சான்றை மற்றொரு பொருளுக்கு மாற்றிக் கொடுப்பது அறிவியல் முறையன்று.

அனைத்தினும் பெரிய தீங்கு காலத்தாழ்வே ஆகும். நீரிழிவுடைய முதியவர் ஒருவரின் காலில் புண் தோன்றுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அது பூஞ்சையால் வந்ததா, பாக்டீரியாவால் வந்ததா, குருதியோட்டம் குறைந்ததால் வந்ததா என்பது கண்ணால் பார்த்து அறியத்தக்கதன்று. அதன்மேல் இலையை அரைத்து அப்பி, வாரக்கணக்கில் காத்திருந்தால், காலையே இழக்க நேரிடலாம். பாலுண்ண மறுக்கும் குழந்தையின் வாயில் வெண்படலம் கண்டால், மருத்துவரிடம் காட்டுவதே முறை. இலை காத்திருக்கும், நோய் காத்திருப்பதில்லை.

நம் கடமை

அவ்வாறாயின் முன்னோர் கண்ட பச்சிலை அறிவைக் கைவிடலாமோ? கைவிடலாகாது. பல்லாயிரம் செடிகளுள் எதனை முதலில் சோதிக்கவேண்டும் என்று வழிகாட்டுவது அவ்வறிவே. எந்த இலை, எந்தப் பருவத்தில், எந்நோய்க்கு, எவ்வாறு அரைக்கப்பட்டது என்று கூறும் ஒரு மூதாட்டியின் சொல், ஆராய்ச்சியாளனுக்குப் பல ஆண்டு உழைப்பை மிச்சப்படுத்தும். ஆயின் அச்சொல் வினாவின் தொடக்கம். சோதனையே அதன் விடை. ஆராயாமல் நம்புவோனும் இலையின் உண்மையை அறியான். ஆராயாமல் இகழ்வோனும் அதனை அறியான். அளந்து பார்ப்பவனே அறிவான்.

பச்சிலை ஆராய்ச்சிக்கு வேண்டிய முதற்கருவி மாணவர் அனைவரிடத்தும் உள்ளது. கூர்ந்து நோக்கும் கண்ணே அது. உங்கள் ஊரில் உள்ள செடிகளின் பெயர்களைக் கேட்டறிந்து எழுதுங்கள். பெரியோர் அவற்றை எதற்குப் பயன்படுத்தினர் என்பதைக் குறித்து வையுங்கள். எந்த இலையில் பூஞ்சை பற்றுகின்றது, எதில் பற்றவில்லை என்பதை மழைக்காலந்தோறும் கவனியுங்கள். நோய்தரும் பூஞ்சையை வீட்டில் வளர்க்க முயலாதீர்கள். அது தக்க காப்புடைய ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் செய்யத்தக்கது.

நெய்வேலியில் மண்ணைத் தோண்டியோர், கருநீரைக் கண்டு வியந்ததோடு நின்றுவிடவில்லை. எத்துணை ஆழத்தில், எத்துணைக் கனத்தில் கரி உள்ளது என்பதைத் துளையிட்டு அளந்தனர். மண்ணுக்கடியில் அழுத்தத்தோடு நின்ற நிலத்தடி நீரை இறைத்து அகற்றினர். அதன் பின்னரே கரி ஒளியாயிற்று. மண்ணுக்குள் இருந்த பழைய இலையின் ஆற்றலை இவ்வாறு வெளிக்கொணர்ந்த நாடு, மண்ணுக்கு மேல் நிற்கும் பசிய இலையின் ஆற்றலையும் அதே பொறுமையோடு அளந்து வெளிக்கொணரவேண்டும். மருந்துக்கு அடங்காத பூஞ்சைகள் பெருகிவரும் இந்நாளில், அப்பணி நாளைய மருத்துவரும் வேதியியலாரும் தாவரவியலாரும் ஆகப்போகும் இளைஞரை எதிர்நோக்கி நிற்கின்றது.

பயிற்சி

1. இலைக்கும் பூஞ்சைக்கும் உள்ள பகை மிகப் பழைமையானது என்பதற்கு நெய்வேலிக் கரி தரும் சான்று யாது?

2. பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதற்கும் மருந்தாராய்ச்சிக்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.

3. பாக்டீரியாவை வெல்வதினும் பூஞ்சையை வெல்வது கடினமாயிருப்பது ஏன்?

4. இலைச்சாற்றைச் சோதிக்கும்போது வெறுங்கரைப்பானையும் தனியே சோதிப்பதன் காரணம் யாது?

5. ஓர் இலைச்சாறு 125 மைக்ரோகிராமிலும், மற்றோர் இலைச்சாறு 31.25 மைக்ரோகிராமிலும் ஈஸ்ட்டைத் தடுத்தன. எது வலிமை மிக்கது? எத்துணை மடங்கு?

6. ‘கிண்ணம் உடல் அன்று’ என்னும் தொடரின் கருத்தை ஒரு பக்க அளவில் கட்டுரையாக வரைக.